குட்டைத் தூணில் இருந்தவர்கள்

பாலிக் புலாவில் டுரியான் பழத் தோட்ட வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு அக்கா கணிதத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவர் புத்தகத்தில், ஒரு தொழிற்சாலையில் ஆட்கள் எத்தனை மாதம் வேலையில் தங்கினார்கள் என்று தூண் தூணாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் படம் இருந்தது.

"அஞ்சு மாசத்துக்குள்ள ஓடினவங்கதான் அதிகம். தூண் எவ்வளவு உயரம் பாருங்கக்கா" என்றேன்.

"அப்படி எழுதித்தான் போன தடவை கோட்டை விட்டேன் தம்பி. உயரம் மாசத்துக்கு எத்தனை பேருன்னுதான் சொல்லும்லா. அகலத்தால பெருக்கணும். இது உயரம் நாலு, அகலம் அஞ்சு மாசம், இருபது பேரு. பக்கத்துல குட்டையா இருக்கே, உயரம் ரெண்டுதான், ஆனா அஞ்சாம் மாசத்துலேர்ந்து இருபத்தஞ்சு வரைக்கும், அகலம் இருபது மாசம். நாப்பது பேரு."

ஓடியவர்களைவிட இருந்தவர்கள் இரு மடங்கு. பஸ் வரும்வரை அந்தக் குட்டைத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டத்தோ கிராமாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு?" என்றார் கடைக்காரர்.

"இருக்கேன் அண்ணே" என்றேன்.