மூன்று வீட்டு மயிலுக்கு ஒரு கால்

அட்டை அடிக்கிற தொழிலில் கைக்குப் பாதி வேலை, வாய்க்குப் பாதி வேலை. பின்னறையில் ஒருவர் வேலை செய்ய, முன்னறையில் உட்கார்ந்து அவருக்காகப் பதில் சொல்லிப் பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள், நானும் உங்கள் கூட்டம்தான்.

அறுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் இரண்டே அறை உள்ள ஒரு பட்டறையில் இருந்தேன். பின்னறையில் மாணிக்கம் அண்ணன் கட்டம் போட்ட தாளில் புடவைக்கு டிசைன் வரைவார். தாளில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை என்று நான் ஓட்டை போடுவேன். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், ஜரிகை உருவமாக விழும். தாளில் தப்பு என்றால் அட்டையில் தப்பு. அட்டையில் தப்பு என்றால் அது போன வீட்டிலெல்லாம் தப்பு. அப்படித்தான் புடவையின் முந்திக்கு என்று வரைந்த ஒரு மயில் எங்களிடமிருந்து மூன்று வீடுகளுக்குப் போனது.

ஆடுகிற மயில்

முதலில் வந்தவர் பூங்காவனம் அக்கா. இரண்டு தறி வைத்து நடத்துகிறவர். என்னைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தறிக்கு முன்னால் நிறுத்தினார். புடவையின் உடம்பு முடிந்து முந்தியில் முதல் வரிசை மயில் இறங்கியிருந்தது. தோகை என்றால் அப்படி ஒரு தோகை. ஆனால் ஒவ்வொரு மயிலுக்கும் ஒரே ஒரு கால்.

மாணிக்கம் அண்ணன் தோகையில் சொக்கிப்போய் இன்னொரு காலை வரையவே இல்லை என்பது பார்த்த உடனே எனக்குப் புரிந்தது. புரிந்ததைச் சொல்லிவிட்டால் நான் முன்னறைக்கு எதற்கு? மயில் ஆடும்போது ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும், அதைத்தான் அண்ணன் அழகாகக் காட்டியிருக்கிறார் என்றேன். அக்கா மயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆடட்டும்பா, நான் வாணாங்கல. கல்யாணப் பொண்ணு இதைக் கட்டிக்கினு மணையில ஒக்காரும்போது, எங்க ஊட்டு மயிலு ஆடுதுனு நீ வந்து பக்கத்துல நின்னு எல்லாருக்கும் சொல்லுவியா?"

உங்கள் தறியில்தான் கோளாறு

இரண்டாவதாக வந்தவர் ஏகாம்பரம். அதிர்ந்து பேசாத மனிதர். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆகியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள், அதற்குள் முந்தியை முடித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் பேரனை மடியில் வாங்க வேண்டும் என்றார். மயிலின் காலைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசினார். அவரிடம் ஆடும் மயில் எடுபடாது என்று தோன்றியதால், அட்டை சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் பெட்டியில் கொக்கி சிக்கியிருக்கும், கழற்றி எண்ணெய் விட்டுப் பாருங்கள் என்றேன். மூன்றாவதாக வந்த சின்ன காஞ்சிபுரத்துக்காரருக்கும் அதையே சொன்னேன். மறுநாள் திரும்பி வந்த பூங்காவனம் அக்காவுக்கும் அதுவேதான்.

மூன்று வீட்டிலும் ஒரு நாள் பூராவும் பெட்டியை இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறார்கள். கை பூராவும் எண்ணெயோடு மூன்று பேரும் ஒரே டீக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை. சேர்ந்தே வந்தார்கள். மற்ற இரண்டு பேரும் கத்தினார்கள், அது காதில் ஏறவில்லை. ஏகாம்பரம் கேட்டதுதான் ஏறியது.

"ஏம்பா, மூணு தறிக்கும் ஒரே நாளு, ஒரே எடத்துலயா நோவு வரும்?"

பின்னறை

மாணிக்கம் அண்ணனைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவர் வரைந்த அன்னத்தைப் பார்த்துவிட்டு, இது தண்ணீரிலேயே இருந்திருக்கலாம், துணிக்கு எதற்கு வந்தது என்று நான் நின்றிருக்கிறேன். அவர் கைக்கு நான் அடிமை. ஆனால் போன டிசைனைப் பற்றி அவரிடம் பேசவே முடியாது. அப்போது அவர் ஒரு யாளியை ஆரம்பித்திருந்தார். யாளியின் பல்லில் இருக்கிற மனிதரிடம் மயிலின் காலைப் பற்றி என்ன சொல்வது? ஒரு சீட்டில் எழுதி அவர் பலகையில் குத்திவைத்தேன். மறுநாள் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் யாளியின் வால் சுருண்டிருந்தது.

கடைசியில் வாய்விட்டே சொன்னேன். மூன்று தறி நிற்கிறது, எனக்கு வெளியே முகம் காட்ட முடியவில்லை என்றேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"குத்தம் எங்க இருக்குதுனு தெரிஞ்சுபோச்சு இல்ல? அப்போ பாதி வேலை முடிஞ்சுதுனு அர்த்தம். போய் அவங்ககிட்ட அதைச் சொல்லு."

பலகை

தினமும் மூன்று பேருக்குத் தனித்தனியாகப் பொய் சொல்வது அலுத்துப்போய், வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். ‘மயில் கால் - நாளை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். தமிழில் ‘நாளை’ என்பதைவிட வசதியான ஒரு சொல் கிடையாது. அதை அழித்து எழுத வேண்டிய அவசியமே வருவதில்லை. மழைச்சாரலில் கலைந்தபோது மட்டும் மேலேயே இன்னொரு முறை எழுதினேன்.

பூங்காவனம் அக்கா முதல் நாள் தெருவில் போன ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணை நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நாலாம் நாள் யாரையும் கூப்பிடவில்லை. பலகைக்கு முன்னால் நின்று, எழுத்தின் மேல் விரலை வைத்து, தானே வாய்விட்டுப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல நானு. இந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ எனக்கு நல்லா படிக்க வெச்சிட்டபா."

எட்டு நாள்

ஏகாம்பரம் மட்டும் காலையிலும் சாயங்காலமும் வந்தார். சண்டை போடமாட்டார். ஓரமாக நின்று பலகையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உண்டா என்பதுபோல என்னைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் சலவை வேட்டி கட்டி, கையில் பையோடு வந்தார். வாலாஜாபாத் பஸ்ஸுக்குக் கிளம்பிய கோலம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அட்டை இன்றைக்கு வந்தால் தறியில் உட்கார வேண்டும், போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்டார். போய்விட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாள் இழுத்தடித்துவிட்டு இன்றைக்கும் இல்லை என்று எப்படிச் சொல்வது? மத்தியானம் கண்டிப்பாக வந்துவிடும் என்றேன். அவர் பையோடு வீட்டுக்குத் திரும்பினார், மத்தியானம் வந்து காத்திருந்தார், விளக்கு வைத்த பிறகு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்து நின்றபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றைத் தள்ளி வைத்தேன். எழுந்து பின்னறைக்குப் போய், அண்ணே, உண்மையாகச் சொல்லுங்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். இன்னும் எட்டு நாள் ஆகும் என்றார் அவர், மணி கேட்டால் சொல்வதுபோல. யாளி முடிய ஐந்து நாள், கால் வரைய மூன்று நாள், முதலிலிருந்தே கணக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளில் நான் அவரிடம் புகார் சொல்லியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், சீட்டு எழுதியிருக்கிறேன். எத்தனை நாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வெளியே வந்து ஏகாம்பரத்திடம் அப்படியே சொன்னேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. முந்தாநாள் பேர் வைத்தாகிவிட்டது, தாத்தா இல்லாமலேயே தொட்டிலில் போட்டுவிட்டார்கள் என்று பொதுவாகச் சொன்னார். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்று திரும்பினார்.

"எட்டு நாளு ஆகும்னு சொல்றதுக்கு உனக்கு எட்டு நாளு ஆச்சாபா?"

அன்றிலிருந்து கேட்டவருக்கெல்லாம் உள்ள நாளை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், இப்போதும் திட்டத்தான் திட்டுகிறார்கள், ஆனால் திட்டி முடித்ததும் அவரவர் போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.