சித்தீக்கா கேட்ட ஆறு செக்கன்

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. சித்தீக்கா மௌத்தாகிவிட்டார், ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். அங்கேயே இறங்கி ஆட்டோ பிடித்தேன். காலி வீதியில் ஒரு வாகனமும் அசையவில்லை. அவருடைய வீடு இருந்த மாளிகாவத்தைத் தொடர்மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள். இந்த நகரத்தின் நெரிசலைக் குறைப்பது எப்படி என்று பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையிலிருந்து யோசித்தவர்கள் நாங்கள். அந்த அக்காவை வழியனுப்ப என்னால் நேரத்துக்குப் போக முடியவில்லை. கேட்டால் அவரே முதலில் சிரித்திருப்பார்.

எங்கள் வேலை உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பில் கார்களைக் குறைத்து, ஆட்களை பஸ்ஸுக்கும் நடைக்கும் திருப்புவதற்குத் திட்டம் போடுவோம். வீதியில் கைவைக்க முன்னர், அதே வீதியைக் கணினிக்குள் கட்டி, வாகனங்களையும் ஆட்களையும் ஓடவிட்டுப் பார்ப்போம். அதற்கு மாதிரி என்று பெயர்.

கொச்சிக்கடைச் சந்தியின் மாதிரியை முதன்முதலாக ஓடவிட்ட அன்று, பூரிப்பும் புளுகமுமாக அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இதுல ஒருத்தருக்கும் முழங்கால் வலி இல்லையா, சிவா?”

அப்போதுதான் கவனித்தேன். திரையில் பாதசாரிக் கடவையைக் கடந்த அத்தனை பேரும் திடகாத்திரமான இளைஞனின் வேகத்தில் நடந்தார்கள். மென்பொருளோடு வந்த வேகம் அது. நான் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தச் சந்தியோரத்து அந்தோனியார் கோயிலுக்கு வராத சாதி சமயம் கொழும்பில் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் சித்தீக்கா கடவையோரம் குடையோடு நின்று, நடப்பவர்களின் நேரத்தைப் போனில் பிடித்தார். மெழுகுதிரிப் பொட்டலத்தோடு வரும் கிழவிகள், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய்மார், துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவர்கள். பொலிஸுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறாள் என்று நினைத்து ஆட்டோக்காரர்கள் ஏசினார்களாம். சிங்களத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்களிடமே தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். நடப்பவர்களுக்கான பச்சை இன்னும் ஆறு செக்கன் எரிய வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு.

அந்த ஆறு செக்கனைப் போட்டால் மாதிரியில் வாகன வரிசை நீண்டு, வீதி சிவப்பாகத் தெரிந்தது. இந்தச் சிவப்போடு அனுமதி கொடுக்கும் குழுவின் முன்னால் போனால் பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய ஒழுங்கை உட்பட முழுத் திட்டத்தையும் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்றார் எங்கள் மேலதிகாரி. ஆறு செக்கனை எடுத்துவிட்டு, பழைய வேகத்தையே போடச் சொன்னார். சித்தீக்கா அன்று மருத்துவப் பரிசோதனைக்காக லீவு. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் எண்ணை மாற்றினேன். திட்டம் நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

திரும்பி வந்தவர் மாதிரியின் கோப்பைத் திறந்து பார்த்தார். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“ஆறு செக்கன்தானே கேட்டன், சிவா. ஆறு நிமிசமா கேட்டன்?”

அதன் பிறகு அதைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை. அவருடைய புற்றுநோய் வருத்தம் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்பது கொஞ்ச நாளில் எங்களுக்குத் தெரியவந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பச்சை விழுந்ததும் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடு வீதிக்கு வரும்போதே சிவப்பு விழுந்துவிட்டது. பஸ் ஒன்று ஹோர்னில் கைவைத்து எடுக்கவில்லை. கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, சீக்கிரம் போகும்படி சிங்களத்தில் கத்தினான். அவரைத் தூக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது. சித்தீக்கா ஒரு கையை பஸ்ஸுக்கு நேரே உயர்த்தியபடி, தன் நடையிலேயே நடந்தார். அந்தப் பக்கம் ஏறியதும் மூச்சு வாங்க விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எண்ணிக்கொண்டுதான் வந்தன். எனக்கு இப்ப ஆறும் காணாது.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா, அதெல்லாம் எதற்கு என்றாரா, தெரியவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் மேலதிகாரியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர், அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் விளக்கின் நேரத்தை மாற்றுவதென்றால் புதிய ஆய்வு வேண்டும், அதற்குக் குழு கூட வேண்டும், அந்தக் குழுவே இப்போது இல்லை என்றார். கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஏலாது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஆறு செக்கனோடு அவர் சேமித்து வைத்த மாதிரிக் கோப்பு ஒன்றுதான். காலையில் அலுவலகத்துக்குப் போனதும் அதை ஒருமுறை ஓடவிடுகிறேன். எல்லோரும் ஆறுதலாக, அவரவர் நடையில் நடந்து அக்கரை சேர்கிறார்கள். ஒருவரும் நடு வீதியில் நிற்பதில்லை. பார்த்துவிட்டு மூடுகிறேன். கொச்சிக்கடை விளக்கில் ஓடிக்கொண்டிருப்பது நான் போட்ட எண்.