கிணற்றுக்கு அட்சரேகை எழுதிய வக்கீல்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை புனேக்குப் பக்கத்தில் இருக்கும் ஷிக்ராப்பூர் போனேன். மங்கல் தாயியின் வயலில், பாதி வெட்டிய கிணற்றின் மேலேயே எரிவாயுக் குழாயின் பாதையை வரைந்திருந்தார்கள். இங்கே தாயி என்றால் அக்கா. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க இருபத்தொரு நாள் அவகாசம். அன்றுதான் கடைசி நாள். தவறினால் கிணற்றை மூட வேண்டியதுதான். எல்லாம் முடிந்துவிட்டதால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

நான் மூன்று வருடமாகக் கடலில் எண்ணெய் எடுக்கும் ஒப்பந்தங்களைப் பார்த்தவள், அதுவும் புனேயில் மேசையை விட்டு எழாமல். தரையில் இது முதல் வழக்கு.

புனேயின் விஷ்ராந்த்வாடியிலிருந்து காலை 9.30க்குக் கிளம்பினோம். 34 கிலோமீட்டர், காருக்கு நாள் வாடகை 2,400 ரூபாய். ஓட்டுநர் முருகேஷ் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். லோஹேகாவ் வழியாகப் போனால் நெரிசல் இருக்காது என்றார். இருந்தது. போய்ச் சேர 11.20.

கிணறு இருபதடி இறங்கியிருந்தது. அடிமண்ணில் ஈரம். மங்கல் தாயி மனுவில் கையெழுத்திட்டுவிட்டு, தானும் வருவதாக வண்டியில் ஏறிக்கொண்டார்.

சாப்பிட்டுக் கிளம்பி, மறுபடியும் நெரிசலில் ஊர்ந்து, ஆட்சேபங்களை வாங்கும் புனே அலுவலகத்தை அடைந்தபோது 3.40. குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு மராட்டியில் கேட்டார்: “நிலம் எங்க மேடம் இருக்கு?”

அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டினேன்.

“இது கப்பலுக்கு வழி. வயலுக்கு சர்வே நம்பர் வேணும். உள்ள என்ன, மீனா விளையுது?”

கடலில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கிடையாது. இடத்தைச் சொல்ல ரேகைகள் போதும். தசமப் புள்ளி வரை மூன்று முறை சரிபார்த்தவளுக்கு சர்வே நம்பர் நினைவுக்கே வரவில்லை.

மங்கல் தாயி பின்னாலிருந்து நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். “வாயால சொன்னா ஆச்சா? சாத்-பாரா எங்க?” என்றார் குமாஸ்தா. அது நிலப் பதிவேட்டு நகல். மங்கல் தாயியின் வீட்டில் இருந்தது. அலுவலகம் ஐந்துக்கு மூடும்.

வெளியே வந்து சொன்னதும் முருகேஷ், “அக்கா, டென்ஷன் நக்கோ! மொபைல்லயே நிகால்லாம். எங்க சேட் ஜமீனுக்கு நான்தான் எடுப்பேன்” என்றார். கவலை வேண்டாம், போனிலேயே எடுத்துவிடலாம், முதலாளியின் நிலத்துக்கும் அவர்தான் எடுப்பாராம். இணையதளம் இரண்டு முறை நின்றுபோனது. நகலுக்குப் பதினைந்து ரூபாய், ஜெராக்ஸ் கடையில் அச்சிட ஐந்து. மனுவில் நம்பரைப் பேனாவால் எழுதி, பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். 4.50க்கு முத்திரை விழுந்தது. படியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் நானே குடித்தேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு: நிலப் பதிவேட்டு நகலோடு போங்கள், முத்திரை விழுந்த பிரதியை வாங்காமல் திரும்பாதீர்கள், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

பிறகு அதிகாரி வயலுக்கே வந்து பார்த்தார். உத்தரவு எழுத்தில் வரும்வரை தோண்ட வேண்டாம் என்று மங்கல் தாயியிடம் சொல்லியிருந்தேன். வந்துவிட்டதா என்று அவர் தினமும் போன் செய்தார். நேற்று உத்தரவு வந்தது: குழாய் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போகும். போனில் மராட்டியில் திக்கித் திக்கிப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தி முடிவதற்குள், அந்தப் பக்கம் அவர் கிணறு வெட்டுகிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.