கிளட்ச் அக்காவுக்கு ஆயுசு முழுக்கச் சம்பளம்

டிரைவிங் ஸ்கூல் நடத்திய அவரை ஊரில் பாதிப் பேர் ‘கிளட்ச் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து இருக்கையிலிருந்து “கிளட்ச்சு! கிளட்ச்சு!” என்று அவர் போடும் சத்தத்தில், தெருவில் நடந்து போகிறவர்கள்கூடக் காலை அழுத்துவார்களாம்.

அறுபது வயதில் இடுப்பு மக்கர் பண்ணியது. ஸ்கூலைக் கார்களோடு விற்றுவிட்டார். சொந்தத் தொழில் என்பதால் பென்ஷன் கிடையாது. கையில் இருந்த தொகைக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தம்பி மனை வாங்கச் சொன்னான். மருமகன் ஜிம் தொடங்கலாம் என்றார். வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் மட்டும், “பேங்க்லயே கிடக்கட்டுமே” என்றார்.

“கிடந்தா எடுத்து எடுத்துச் செலவழிச்சிடுவோம். எண்பத்தஞ்சு வயசுல என்னங்க பண்றது?”

அந்தக் கேள்வியோடு இருவரும் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி சட்டென்று எழுந்து நின்றார். லைசென்ஸ் டெஸ்டில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டு, ஒருவழியாகத் தேறிய பழைய மாணவி!

“ஆன்யுட்டி ரொம்ப சிம்பிள்க்கா. ஒரு தொகையை மொத்தமா எங்ககிட்ட குடுத்துடுறீங்க. நீங்க இருக்கிற வரைக்கும் மாசாமாசம் நாங்க பணம் போடுவோம்.”

“நூறு வயசு இருந்தா?”

“நூறு வயசு வரைக்கும் போடுவோம்.”

“அடுத்த வருஷமே நான் டிக்கெட் வாங்கிட்டா?”

கணவருக்கு இருமல் வந்துவிட்டது.

“உங்க பேர்ல மட்டும் எடுத்தா அதோட நின்னுடும். ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தா மாசத் தொகை கொஞ்சம் குறையும். ஆனா ஒருத்தர் போனாலும் மத்தவருக்கு வந்துக்கிட்டே இருக்கும்.”

“குடுத்த பணத்தை நடுவுல திருப்பிக் கேட்டா?”

“இந்தத் திட்டத்துல கிடைக்காது. விலைவாசி ஏறினாலும் மாசத் தொகை ஏறாது. அதனால எல்லாத்தையும் இதுலயே போட்டுடாதீங்கக்கா.”

விற்க வேண்டியவரே அப்படிச் சொன்னதும் அக்காவுக்கு நம்பிக்கை வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கணவர் முரண்டு பிடித்தார். “தூக்கிக் குடுத்துட்டு அவங்க கையை எதிர்பார்க்கணுமா?”

“நீங்க ஏணியில ஏறும்போதெல்லாம் எங்க விழுந்துடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பணம் வந்தா வேலையை விட்டுடலாம்ல?”

அவர் எழுந்து போய் பேங்க் பாஸ்புக்கை எடுத்துவந்து கொடுத்தார். பாதித் தொகையை இருவருக்கும் சேர்த்து ஆன்யுட்டியில் போட்டார்கள். மருத்துவச் செலவுக்கும் ஆத்திர அவசரத்துக்கும் மீதி பேங்கில் இருந்தது.

மறு மாதம் ஒரு காலையில் அக்காவின் போன் ‘டிங்’ என்றது.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!”

பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு கணவர் ஓடி வந்தார். “யாரு வந்தா?”

“சம்பளங்க! வீட்டுல உட்கார்ந்த இடத்துக்கே சம்பளம்!”

பெரிய தொகை ஒன்றும் இல்லை. வாடகையும் மளிகையும் போகச் சொற்பம்தான் மிஞ்சும். ஆனால் அடுத்த மாதமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும் என்ற நினைப்பே அவரைக் குதிக்க வைத்தது. கணவரின் கன்னத்து நுரை அவர் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலமே நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். இடுப்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார். முதல் நாள் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்தது. இப்போது குளத்தின் இந்தக் கரையில் பாய்ந்தால், அந்தக் கரையில்தான் தலை தெரிகிறது.