மொட்டைமாடியில் வேளச்சேரி சவாரி

பதினாறு வருஷமாகத் தாம்பரம்-வேளச்சேரி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர் சேட்டு. ஊரடங்கில் வண்டி நின்றதும் மனுஷன் வீட்டில் முள்மேல் உட்கார்ந்திருந்தார்.

வேலையிழந்தவர்களுக்கு அரிசி வாங்க நிதி திரட்டிய பக்கத்து வீட்டு ஷீலா, "உங்க ரூட் தூரத்தை நம்ம மொட்டைமாடியிலேயே சுத்திச் சுத்தி நடங்கண்ணா, நான் போன்ல லைவ் காட்டுறேன், பார்க்கிறவங்க நிதிக்குக் காசு அனுப்பட்டும்" என்றாள்.

சேட்டு சும்மா நடப்பாரா? வழியிலுள்ள கேம்ப் ரோடு ஸ்டாப் அளவு தூரம் நடந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, "மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி! ஏறு, ஏறு!" என்று கத்தினார். லைவ் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, வீட்டிலிருந்தபடியே ஆளாளுக்குச் சவாரிக் காசு அனுப்பினார்கள்.

வேளச்சேரி தூரம் முடிந்ததும் ஷீலா கைதட்டி, "உட்காருங்கண்ணா" என்றாள்.

"இன்னாம்மா நீ! ரிட்டன் காலியா போனா கட்டுப்படி ஆவுமா?" என்ற சேட்டு, வந்த வழியே திரும்பி நின்றார். "தாம்பரம், தாம்பரம்! ஏறு, ஏறு!"