சமாதானத்துக்கு ஓர் ஆள்

எங்கள் சபைக்கு மேலே யாரும் கிடையாது. பிஷப் இல்லை, தலைமை அலுவலகம் இல்லை, ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. மட்டாஞ்சேரியில் இஞ்சிக் கிடங்கு ஒன்றின் மாடியில் நாற்பது பேர் கூடுகிற சுயாதீன சபை அது. நாங்கள் எந்த மனிதருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்று பாஸ்டர் மாதம் ஒரு முறையாவது பெருமையாகச் சொல்வார், நாங்களும் ஆமென் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். என் மகளுக்குக் கல்யாணம் வந்தபோதுதான் அந்தப் பெருமை எவ்வளவு கேடுகெட்டது என்று புரிந்தது.

சண்டை மொழிபெயர்ப்பில் தொடங்கியது. பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்து பத்து வருடமாகியும் அவருடைய மலையாளம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். எங்கள் பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடம், வாசிப்பு எல்லாம் மலையாளம். தமிழ்ப் பிரசங்கம் பாதிதான் ஏறும். ஆகவே பாஸ்டர் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் நின்று சபைச் செயலாளர் அதை மலையாளத்தில் சொல்வார். செயலாளர் மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர், நல்ல குரல், அது அவருக்கே நன்றாகத் தெரியும். பாஸ்டர் ஒரு வரி சொன்னால் இவர் நாலு வரி சொல்வார். பாஸ்டர் சும்மா பொறுமையைப் பற்றிப் பேசினால் மலையாளத்தில் அழுகை வரும், கதை வரும், போன வாரம் ஆலுவா ஸ்டேஷனில் செயலாளர் பார்த்த ஒரு தகப்பன்கூட வந்துவிடுவார். பிள்ளைகள் மலையாளத்துக்குத்தான் ஆமென் சொன்னார்கள். பிரசங்கத்தைவிட மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்று சபையில் சொல்லாத ஆள் இல்லை. நானும் சொன்னேன், ஆராதனை முடிந்து சாயா குடிக்கும்போது. பாஸ்டரின் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பாஸ்டர் தன் பிரசங்கத்தைப் போனில் பதிவு செய்து, மலையாளம் தெரிந்த வெளியாள் ஒருவரிடம் கொடுத்து என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டாராம். அடுத்த ஞாயிறு மேடையிலேயே, இனி மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றார். செயலாளர் படியிறங்கிப் போனார், பின்னாலேயே பாதிச் சபையும் போனது. அன்று முதல் காலையில் பாஸ்டர் கூட்டம், மதியம் அதே மாடியில் செயலாளர் கூட்டம். காலையில் மதியக்காரர்களுக்காகவும் மதியத்தில் காலைக்காரர்களுக்காகவும் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு திட்டுவதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை. இப்படி இரண்டு மாதம் ஓடியது.

எனக்கு ஒரே மகள். மாப்பிள்ளை வீடு ஆலுவாவில், அவர்களும் எங்களைப் போலவே ஒரு தனிச் சபை. பெண்ணின் சபையிலிருந்து கடிதம் வந்தால்தான் கல்யாணத்தை நடத்துவேன் என்று அவர்களுடைய பாஸ்டர் சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் பெற்றவள், ஒழுங்காகச் சபைக்கு வருகிறவள், கல்யாணத்துக்குத் தடையில்லை என்று பாஸ்டர் கையெழுத்தும் சபை முத்திரையும் உள்ள கடிதம். எங்கள் பாஸ்டர் உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை செயலாளர் வீட்டு அலமாரியில் இருந்தது. அந்த ஆள் கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை விழாது என்று அவர் சொல்லிவிட்டார். புது முத்திரை செய்துகொள்ளலாமே என்று பாஸ்டரிடம் கேட்டேன். புதியது செய்தால் பழையதை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்றார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம். ரிஜிஸ்டர் ஆபீஸ் என்ற பேச்சை எடுக்கவே மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. என் மகள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவாள். இரண்டு பெரிய மனிதர்களின் வீம்புக்கு நடுவில் என் பெண்ணின் வாழ்க்கை கிடந்தது.

என் கணவர் ஏலூரில் ஒரு கேன்டீனில் வேலை பார்க்கிறவர், வாய் திறக்காத மனிதர். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். கர்த்தருக்கு அலமாரிச் சாவியை யார் கொடுப்பது என்று கேட்டேன். நானே கும்பளங்கிக்குப் போய் அங்கிருந்த ஒரு மூத்த பாஸ்டரைக் கூட்டிவந்தேன். சபைச் சண்டைகளைத் தீர்த்து வைப்பதில் பேர் எடுத்தவர். ஆக, அந்தச் சமாதானத்தைக் கொண்டுவந்ததே நான்தான். எல்லாரும் மறந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை காலை இரண்டு கூட்டமும் மாடியில் உட்கார்ந்தது. பாஸ்டர் செயலாளரை மேடைத் திருடன் என்றார். சோறு போடுகிற ஊரின் பாஷையைப் படிக்கத் துப்பில்லாதவர் என்று செயலாளர் பாஸ்டரைச் சொன்னார். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. கீழே லாரியில் மூட்டை ஏற்றுகிற சத்தத்தைவிட இவர்கள் சத்தம் அதிகமாக இருந்தது.

கும்பளங்கிக்காரரிடம் ஒரு வழிமுறை இருந்தது. சண்டையை ஒதுக்கி வையுங்கள், நீங்கள் இருவரும் ஒத்துப்போகிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்குவோம் என்றார். பிறகு செயலாளர் வாய் திறந்தார்.

"நானும் பாஸ்டரும் நேரா சம்சாரிச்சிருந்தா, முகம் பார்த்துப் பேசியிருந்தா, இது வராது. நடுவுல யாரோ பத்த வச்சிருக்காங்க."

பாஸ்டர் தலையாட்டினார். யார் என்று கும்பளங்கிக்காரர் கேட்டார். பாஸ்டரின் மனைவி தரையைப் பார்த்தபடியே, சாயா குடிக்கும்போது நான் சொன்னதைச் சொன்னார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அதையே சொன்ன வாய்கள்தான் எல்லாம். நான் சொன்னதைக் கேட்டு அன்று விழுந்து விழுந்து சிரித்தவள் என் பக்கத்தில்தான் இருந்தாள், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

கும்பளங்கிக்காரர் என்னிடம் வந்து குனிந்தார்.

"சகோதரி எழும்பி ஒரு மாப்பு சொன்னா மதி, அது போதும், எல்லாம் தீரும். மோளோட கடிதமும் இன்னிக்கே ஆகும்."

என் மகள் கடைசி வரிசையில் ஷாலைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். நான் எழுந்தேன். என் நாவினால் சபையில் பிரிவு வந்தது, எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்றேன். ஸ்தோத்திரம் என்ற சத்தத்தில் மாடியே அதிர்ந்தது. பாஸ்டரும் செயலாளரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள், அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. முத்திரை அலமாரியில் இல்லை. செயலாளர் வரும்போதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மை காய்ந்திருந்ததால் வாயால் ஊதி ஊதிக் குத்தினார்.

கல்யாணத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். சபையில் ஒரு சிறு பிரச்சினை இருந்தது, சகோதரி தாழ்மையோடு ஒத்துக்கொண்டதால் தீர்ந்தது என்று பாஸ்டர் மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், என்னைப் பாராட்டுவதாக நினைத்து. அன்று முதல் ஆலுவாவில் நான் வாய் நீளமானவள். போன கிறிஸ்துமஸுக்கு அங்கே போயிருந்தேன். நான் சமையலறைக்குள் நுழைந்ததும் சம்பந்தியம்மாள் பேச்சை நிறுத்தினாள். என் மகளும் நிறுத்தினாள்.

சபைக்கு இன்னமும் போகிறேன். அவர்களுக்காக நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்? முதல் வரிசையில்தான் உட்காருகிறேன்.

போன மாதம் மறுபடி முட்டிக்கொண்டது. செயலாளரின் மருமகன் பாஸ்டரைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு மலையாளத்தில் ஞாயிறு வகுப்பு தொடங்கிவிட்டான். மறுபடி காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். செவ்வாய்க்கிழமை மாலை பாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே செயலாளரும் செருப்பைக் கழற்றினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் சேர்ந்துதான் வந்திருந்தார்கள். கும்பளங்கிக்காரர் சொல்லி அனுப்பினாராம். சாயா கொடுத்தேன். என் தாழ்மையை இருவரும் மாற்றி மாற்றிப் புகழ்ந்தார்கள்.

"அன்னைக்கு நீங்க எழும்புனதாலதான் சபை உடையாம நின்னுச்சு, சகோதரி," என்றார் பாஸ்டர். "இந்த ஞாயித்துக்கிழமையும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

இந்த முறை நான் என்ன செய்தேன் என்று கேட்டேன்.

"அதொண்ணும் சாரமில்ல சேச்சி," என்றார் செயலாளர். "எதாச்சும் சொன்னா மதி."

இருவர் கையிலிருந்தும் கிளாஸை வாங்கிக்கொண்டேன்.

"கட்டிக் கொடுக்க எனக்கு இன்னொரு மக இல்ல, பாஸ்டர்," என்றேன்.