ஜூராகான் அக்கா திறக்கும் கதவு

ஊர் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜூராகான் அக்கா அதன் மூன்றாவது கதவைப் பூட்டப் போகும்போது பெரியவர் தாஷ்தான் வழிமறித்தார். பக்கத்து நூலக அறையில் நான் இருந்தேன்.

“இன்னிக்கு எந்தக் கதவும்மா?”

“ஏதோ ஒண்ணு. உள்ள வரத்தானே போறீங்க?”

“வடக்கைத் திற. முன்னாடி ஒரு தடவை எங்க தெருக்காரங்க செருப்புக்குப் பக்கத்துல உக்காந்தோம். செருப்பு வாசனையிலயே பேசினேன்.”

“அதனாலதான் சீக்கிரம் முடிச்சீங்க.”

தாஷ்தான் உலர்ந்த தயிர் உருண்டைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு தெற்குக் கதவைத் திறந்து வைத்தார். தாஷ்தானின் தெரு எப்போதும் தெற்கே உட்காரும்.

எங்கள் மன்றம் வட்டமானது. கூடாரம் போலக் கவிந்த கூரை. நான்கு தெருவையும் பார்த்து நான்கு கதவுகள். எல்லோரும் சமம் என்று தலைநகரத்துக் கட்டடக் கலைஞர் நினைத்திருக்கிறார். ஆனால் எங்கள் கிர்கிஸ் வழக்கில் கதவுக்கு நேரெதிர்தான் மூத்தவர்களின் இடம்; கதவோரம் கடைசி இடம். நான்கு கதவும் திறந்திருந்த முதல் கூட்டத்தில் எது மரியாதை இடம் என்று தெரியாமல் பெரியவர்கள் உட்காரவே இல்லை. ஒரு மணி நேரம் நின்றார்கள், தேநீர் ஆறிப்போனது.

அன்றிலிருந்து கல்யாணமோ துக்கமோ, அக்கா மூன்றைப் பூட்டி ஒன்றைத்தான் திறப்பார். முறை வைத்துத் திறக்கிறார் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சாவிக்கொத்தின் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு நடப்பார். நான்கு தெருவும் பலகாரம் கொடுக்கும். “திருப்பிக் குடுத்தா மனசு வருத்தப்படுவாங்க” என்று நான்கையும் தின்பார்.

தாஷ்தான் வழிமறித்த மறுவாரம் தீயணைப்பு அதிகாரி வந்து பூட்டுகளைப் பார்த்தார். வியாழனுக்குள் எல்லாக் கதவும் திறந்தாக வேண்டும், இல்லையென்றால் மன்றத்துக்கு சீல். வெள்ளிக்கிழமைதான் வாய்க்கால் தண்ணீர் முறை பேசும் கூட்டம். கதவுகள் திறந்தால் ஒருவரும் உட்காரமாட்டார்கள்; பூட்டினால் கூட்டமே இல்லை. உருளைக்கிழங்குச் செடிகள் ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்தன.

கிர்கிஸ், ரஷ்யன் இரண்டிலும் படித்தவள் என்பதால் ஊரின் மனுக்கள் என்னிடம் வரும். அக்கா மூன்று பூட்டுகளையும் கழற்றி என் மேசையில் வைத்தார்.

“ரஷ்யன்ல எழுது பொண்ணே. பூட்டை எடுத்தாச்சு. இந்த மூணு வழியும் தீப்பிடிச்சா வெளிய ஓடத்தான், உள்ள வர இல்லைன்னு ஒரு அறிவிப்பு. அவரு முத்திரை குத்தினா கதவுல தொங்கவிட்டு, முறை வச்சு மாத்திக்குவேன்.”

“வெளியே போற வழியும் கதவுதானே அக்கா?”

“முத்திரை இருந்தா கதவு இல்லை. தாஷ்தானே ஒத்துக்குவாரு.”

நான் எழுதத் தொடங்கினேன். அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து, தனக்குப் புரியாத ரஷ்ய வரிகளைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு மட்டும் செய். இதை அந்த அதிகாரியே யோசிச்சுச் சொன்ன மாதிரி எழுது.”